எந்த 'எடு'?

அறுபதுகளில் திண்டுக்கல்லில் ஒரு சர்க்கார் ஆபீஸின் ரிக்கார்டு ரூம் என் பொறுப்பில் இருந்தது. எந்த ஆபீஸ் என்று சொல்ல மாட்டேன். கூரை வரைக்கும் பைல்கள். வேண்டியவர்கள் துண்டுச் சீட்டில் பைல் நம்பரும் ஒரு வார்த்தையும் எழுதி அனுப்புவார்கள். அந்த வார்த்தைப்படி நான் செய்வேன்.

இங்கிலீஷில் எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கு, இனி எல்லாம் தமிழில் என்று உத்தரவு வந்தது. ஒவ்வொரு பிரிவும் தனக்குத் தோன்றிய வார்த்தையைப் பிடித்துக்கொண்டது. நிலப் பிரிவு ஹெட்கிளார்க் 'எடு' என்று எழுதினால், எடுத்துக்கொண்டு வா என்று அர்த்தம். வரிப் பிரிவு ஹெட்கிளார்க்கும் 'எடு' என்றே எழுதினார். அவருக்கு அது, அலமாரித் தட்டிலிருந்து எடுத்துக் கழிவுச் சாக்கில் போடு.

கையெழுத்தை வைத்து நான் சமாளித்துவந்தேன். ஒருநாள் லீவு போட்டேன். என் இடத்தில் உட்கார்ந்த பியூன், நிலப் பிரிவு கேட்ட தாடிக்கொம்புக் கிணற்றுத் தகராறு பைலைச் சாக்கில் போட்டுவிட்டார். சாக்கு அன்றைக்கே பஸ் ஸ்டாண்டு வடைக்கடைக்குப் போய்விட்டது.

மறுநாள் விஷயம் தெரிந்து ஓடினேன். நல்லவேளை, பைல் ஏறக்குறைய முழுசாகக் கிடைத்தது. ஒரு தாளில் மட்டும் யாருக்கோ வடை மடித்துக்கொண்டிருந்தார் கடைக்காரர். "அண்ணே, அந்தப் பொட்டலம் எனக்கு" என்று பிடுங்காத குறையாக வாங்கினேன். வடை நன்றாகத்தான் இருந்தது.

இரண்டு ஹெட்கிளார்க்குகளிடமும் போய், யாராவது ஒருவர் வார்த்தையை மாற்றுங்கள் என்றேன்.

நிலப் பிரிவுக்காரர் ஒட்டன்சத்திரத்துக்காரர். "ஏனுங்கம்மா, மொதல்ல எழுதுனது நானுங்க. அவரை மாத்தச் சொல்லுங்க."

வரிப் பிரிவுக்காரர் உள்ளூர் பாய். "நான் எதுக்கும்மா மாத்தணும்? தமிழ் என்ன அவுக வீட்டுச் சொத்தா?"

அந்த வாரமே ஆபீசரிடமிருந்து ஒரு சீட்டு வந்தது. நம்பருக்குப் பக்கத்தில் 'எடு'. மாற்றல் கேட்டு அவரே எழுதிய மனுவின் பைல் அது. கொண்டுவரத்தான் சொல்கிறார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் பைலைச் சாக்கில் போட்டு, சாக்கோடு கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்தேன்.

"என்னம்மா இது?"

"எடுன்னு எழுதியிருந்தீங்க சார். நிலப் பிரிவு எடுன்னா கொண்டாரணும். வரிப் பிரிவு எடுன்னா சாக்குல போடணும். உங்களுது எதுன்னு தெரியல. அதான் ரெண்டையும் செஞ்சுட்டேன்."

அவர் சாக்குக்குள் எட்டிப் பார்த்தார். தன் மனுவைக் கண்டதும் முகம் வெளிறியது. உடனே இரண்டு ஹெட்கிளார்க்குகளையும் கூப்பிட்டார். வார்த்தையை யாரும் மாற்ற வேண்டாம், முன்னால் பிரிவின் பெயரைச் சேர்த்து 'நில எடு', 'வரி எடு' என்று எழுத வேண்டும், வெறும் 'எடு' வந்தால் சீட்டைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்று தீர்த்துவைத்தார். இருவருக்கும் ஜெயித்த திருப்தி.

அதற்கப்புறம் சாப்பாட்டு நேரத்தில், தொட்டுக்கொள்ளும் வெஞ்சனக் கிண்ணத்தைத் தங்கள் பக்கம் தள்ளச் சொல்ல "நில எடு" என்பார்கள். எச்சில் இலையைக் காட்டி "வரி எடு" என்பார்கள். பாய்க்கு அதில் மட்டும் கொஞ்சம் வருத்தம்.