பான் நகரில் ஒரு ஸ்காட்லாந்துப் பள்ளத்தாக்கு

சனிக்கிழமை காலை 8.10க்கு டார்ம்ஸ்டாட்டில் ரயில் ஏறினேன். பான் நகரில் ஒரு வீட்டில் ஆறு புத்தகங்கள் இலவசம் என்று இணையத்தில் ஜெர்மன் மொழியில் விளம்பரம் வந்திருந்தது. எல்லாமே ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பற்றியவை: மலைகள், சால்மன் மீன், ஆட்டு மந்தைகள், விஸ்கி வடிக்கும் ஊர்கள், அங்கே வாழும் சனங்கள். கோடையில் அந்த ஆற்றோரம் நடக்கப் போகிற எனக்குக் கசக்குமா? ஜெர்மனியில் வேண்டாத சாமானை இப்படிச் சும்மா கொடுப்பது சகஜம். பலர் வாசலில் பெட்டியோடு வைத்துவிடுவார்கள்.

மைன்ஸில் வண்டி மாறும்போது ஒரு காபி, 3 யூரோ 20. அங்கிருந்து ரைன் ஆறு கூடவே வந்தது. பானில் இறங்கி, டிராம் பிடித்து, 11.40க்கு மூன்றாவது மாடியில் மணி அடித்தேன். கதவைத் திறந்தவர் ஒரு தமிழ்ப் பெண்மணி. ஐம்பத்தைந்து வயதிருக்கும்.

"தமிழோ? நல்லதாப் போச்சு. வாங்கோ தம்பி, உள்ளுக்க வாங்கோ."

மனோ அக்கா, யாழ்ப்பாணத்துக்காரர். இரண்டு பைகளில் புத்தகங்கள் கதவோரம் தயாராக நின்றன. "இந்தாங்கோ, கெதியாக் கொண்டு போங்கோ" என்று அவசரப்படுத்தினார். நான் பையைத் தூக்கியதும், "இவ்வளவு தூரம் வந்தனீங்கள், சாப்பிடாமப் போகேலாது" என்று இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் வைத்தார். விரட்டுகிறாரா, விருந்து வைக்கிறாரா? எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நான் சாப்பிடச் சாப்பிட அவர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரோட புத்தகம் அக்கா இது?"

"என்ர மகளின்ர. ஆரணி. எந்த நேரமும் உதுக்குள்ளதான் கிடக்கிறாள். அந்த ஆத்தங்கரையில வேலையாம், போகப்போறாளாம். உதுகள் வீட்டில கிடக்கிறபடியால்தான் அந்த நினைப்பு. இல்லாட்டி மறந்திடுவாள்."

"கொடுக்கிறது அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

அட கடவுளே! நான் புத்தகம் வாங்க வந்தவனா, திருட்டுக்குக் கூட்டாளியா? எனக்குக் கோபம்கூட வந்தது. ஆனால் வாயில் அவர் போட்ட இடியப்பம். எழுந்து கை கழுவப் போனபோது கதவில் சாவி திரும்பியது.

சைக்கிள் ஹெல்மெட்டோடு ஆரணி உள்ளே வந்தாள். பைகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். நான் விளம்பரம், டார்ம்ஸ்டாட், ரயில் என்று ஏதேதோ உளறினேன்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"கொண்டு போங்கோ அண்ணா. உது முழுக்க எனக்கு மனப்பாடம்" என்றாள். பிறகு அம்மாவிடம் திரும்பி, "வேலை ஒப்பந்தத்தில கையெழுத்து வைச்சிட்டன் அம்மா. வாற வியாழக்கிழமை போறன். இண்டைக்குச் சொல்லோணும் எண்டுதான் கெதியா வந்தனான்" என்றாள்.

மனோ அக்கா என் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனார். நிற்பதா, நழுவுவதா என்று தெரியாமல் ஷூ நாடாவைக்கூடக் கட்டாமல் பைகளோடு வெளியே வந்துவிட்டேன். லிஃப்ட் வருவதற்குள் பின்னால் செருப்புச் சத்தம். மனோ அக்கா. எல்லாவற்றையும் திருப்பிக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"ஒண்டை மட்டும் தந்திட்டுப் போங்கோ தம்பி. படம் நிறைய உள்ளதாப் பாத்து."

இருப்பதில் தடித்ததை எடுத்துக் கொடுத்தேன். அங்கேயே நின்று புரட்டினார். மலை, பனி, ஆடு எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டே போய், ஆற்றங்கரையில் ஒரு கல்வீடு இருந்த பக்கத்தில் நிறுத்தினார். புகைபோக்கியில் விரலை வைத்தார்.

"புகை வருது" என்றார். "உள்ளுக்க நெருப்பு மூட்டியிருக்கினம், என்ன?"