கடைசித் திருப்பத்துச் சாரதி

அம்மாவின் காரில், சாரதி இருக்கைமேல் ஒரு குஷன் கிடக்கும். மெரூன் நிறம். ஓரம் பிய்ந்த இடத்தை அம்மா கறுப்பு நூலால் தைத்து வைத்திருந்தார். அம்மா ஆள் கட்டை. குஷன் இல்லாவிட்டால் ஸ்டியரிங்குக்கு மேலால் வீதியே தெரியாது. எங்கள் குடும்பத்தில் அந்தக் குஷனுக்கு இன்னுமொரு வேலை இருந்தது. கோயிலுக்கோ கலியாணவீட்டுக்கோ போகும்போது, கடைசித் திருப்பம் வந்ததும் அது முன்னாலிருந்து பறந்துவந்து பின்னாலிருக்கும் என் மடியில் விழும்.

அதை விளங்கப்படுத்த வேண்டுமென்றால் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுவிஸில், ஷாஃப்ஹவுசனில் நாங்கள் முதல் கார் வாங்கியது 2009இல். லைசென்ஸ் இரண்டு பேரிடமும் இருந்தது, ஓடத் தெரிந்தது அம்மாவுக்குத்தான். விடியமுன் துப்புரவு வேலைக்குப் போவதும், அப்பாவை அவர் சமைக்கும் ரெஸ்ரோறன்ரில் இறக்குவதும் ஏற்றுவதும் அம்மா. அப்பா சுற்றுவட்டத்தைக் கண்டால் உள்ளே நுழையாமல் நின்றுவிடுவார். பின்னால் ஹோர்ன் அடித்தால், "அவங்கள் போகட்டும், எங்களுக்கென்ன அவசரம்" என்பார். அவர்கள் எப்படியப்பா போவது? முன்னால் மறித்துக்கொண்டு நிற்பதே நாங்கள்தானே!

ஆனால் சனம் என்ன சொல்லும் என்ற பயம் சுற்றுவட்டத்தைவிடப் பெரிது. மனிசி ஓட, பக்கத்திலே குந்தியிருந்து வருகிறான் என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாது. அதனால் கலியாண மண்டபத்துக்கு முந்திய திருப்பத்தில், பேக்கரியடியில் அம்மா காரை நிறுத்துவார். இரண்டு பேரும் இறங்கி, அம்மா சேலையைத் தூக்கிப் பிடித்தபடி, இடம் மாறுவார்கள். அப்பா இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி, குஷனை என்னிடம் எறிந்துவிட்டு, மிச்சத் தூரத்தை ராசாமாதிரி ஓடிப்போய் இறங்குவார். எனக்குச் சிரிப்பாகவும் இருக்கும், அம்மாவைப் பார்க்க அப்பாமேல் பத்திக்கொண்டும் வரும்.

கார் வாங்கிய கிழமையே அதற்கு இன்சூரன்ஸ் எழுதக் காப்புறுதி மாமா வீட்டுக்கு வந்திருந்தார். எங்கள் ஊர்ச் சனம் முழுக்க அவரிடம்தான் காப்புறுதி எடுக்கும். வடையைக் கடித்தபடி, "அண்ணை, இதிலை ஹௌப்ட்லெங்கர் எண்டு கேக்கிறாங்கள். கூடுதலா ஓடுற ஆள் ஆர்?" என்று கேட்டார். "நான்தான், வேறை ஆர்?" என்றார் அப்பா. குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த அம்மாவின் சட்டி ஒன்று நிலத்தில் விழுந்தது. மாமா போனபிறகு அம்மா சொன்னார்: "எனக்குப் பேர் ஒண்டும் தேவையில்லை. ஆனா விடிய ஐஸுக்குள்ளை ஓடுறது நான். நாளைக்கு எங்கையேன் இடிச்சா, ஏன் பொய் சொன்னனீங்கள் எண்டு கேப்பாங்கள். அப்ப நான் என்ன சொல்லுறது?" அப்பா, "ஒண்டும் வராது" என்றார். அதன்பிறகு அந்தக் குளிர்காலம் முழுக்க அம்மா காரை எடுக்கமுன் கும்பிட்டுவிட்டுத்தான் எடுத்தார்.

மாசி மாதம் ஒரு கலியாணம். பேக்கரியடியில் நிறுத்தியதும் பின்னால் பஸ் ஒன்று வந்து நின்று ஹோர்ன் அடித்தது. அடித்துப் பிடித்து இடம் மாறினார்கள். அந்த அவதியில் குஷனை எறியவுமில்லை, இருக்கையைத் தள்ளவுமில்லை. அப்பாவின் முழங்கால் ஸ்டியரிங்கில், தலை கூரையில். ஐயோ, அந்தக் கோலம்! மண்டப வாசலில் திரும்பும்போது பிரேக்கைத் தேடிய கால் அதைக் கண்டுபிடிக்கவில்லை. வாசலில் இருந்த பெரிய பூச்சாடியில் கார் போய் முட்டி, சாடி இரண்டாகப் பிளந்தது.

சத்தம் கேட்டு உள்ளே இருந்தவர்கள் வெளியே வரும்போது நாங்கள் மூவரும் இறங்கி நின்றோம். அவர்கள் கண்ணில் பட்டது இருக்கையில் கிடந்த குஷன்தான். "அக்காவே ஓடினது? பொம்பிளையளிட்டை ஸ்டியரிங்கைக் குடுத்தா உப்பிடித்தான்" என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள். பட்டுவேட்டியோடு வந்த காப்புறுதி மாமா, "அண்ணை, மெய்யே, அக்காவே ஓடினது?" என்று கேட்டார். அப்பா தலையை ஆட்டினால் போதும், மானம் தப்பிவிடும். அம்மா அவரைப் பார்க்காமல் உடைந்த சாடியையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா, ஓம் என்றுமட்டும் சொல்லிப்போடாதேயுங்கோ என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன்.

"இல்லை, நான்தான் இடிச்சனான்" என்றார் அப்பா. "அவ ஓடியிருந்தா உந்தச் சாடி முழுசா இருந்திருக்கும்." பிறகு மாமாவின் பக்கம் திரும்பினார். "தம்பி, அண்டைக்குக் கேட்டனீங்களெல்லோ, கூடுதலா ஓடுறது ஆரெண்டு? அவதான். எந்த நாளும் அவதான். நான் உந்தக் கடைசித் திருப்பத்திலை இருந்துதான் ஓடுறனான். பேரை மாத்தி விடுங்கோ." காது சிவந்துபோயிருந்தது அவருக்கு. அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்து, குளிர் என்றார். அப்பா மீது எனக்கு அன்றுபோலப் பாசம் வந்ததில்லை.

பெயர் மாறியது. இடம் மாறுவதும் நின்றது. அதன்பிறகு அப்பா மண்டப வாசலிலேயே சாரதிக்குப் பக்கத்து இருக்கையிலிருந்து இறங்கி, "தள்ளுங்கோ, சாரதி காரை விடப்போறா" என்று சனத்தை விலக்குவார். அதிலும் ஒரு எடுப்பு இருக்கும், மனிசன் சும்மா இறங்கமாட்டார்.

போன வருடம் நானும் கணவரும் கார் வாங்கினோம். அதே கேள்வியை எங்களிடமும் கேட்டார்கள். வாய்க்குள் புட்டோடு இருந்த கணவர் நாடியை உயர்த்தி என்னைக் காட்டினார். அவ்வளவுதான், சட்டி ஒன்றும் விழவில்லை. நான் ஏன் சிரிக்கிறேன் என்று அவருக்கு விளங்கவில்லை.

அப்பா இப்போது இல்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்தபின் ஒருநாள் காப்புறுதி மாமா அம்மாவைப் பார்க்க வந்தார். தயங்கித் தயங்கித்தான் கேட்டார்: "அக்கா, மற்றச் சாரதியெண்டு அண்ணையின்ரை பேர் கிடக்குது. எடுத்துவிடட்டோ?" கோயிலுக்குப் புறப்பட்டு நின்ற அம்மா, கொஞ்சம் முன்னர்தான் தைத்து முடித்த குஷனைத் தட்டி, அப்பா எறிவதுபோலவே என் மடியில் எறிந்தார்.

"கிடக்கட்டும் தம்பி," என்றார். "கடைசித் திருப்பத்திலை இருந்து அவர்தானே ஓடுறவர்."