காலடி அக்கா நடந்த வெள்ளைத் தெரு

படத்தில் யாராவது நடந்தால் அவர்களுக்காக நடப்பதுதான் அவள் பிழைப்பு. திரையில் ஓர் ஆள் படியேறுவான். மைக்குக்கு முன்னால் இவள் மரப்பலகைமேல் ஏறி இறங்குவாள். அந்தச் சத்தம்தான் படத்தில் அவன் காலடியாகக் கேட்கும். மணல் பெட்டி, சரளைக்கல் பெட்டி, ஒரு கருங்கல் பலகை, முப்பத்திரண்டு ஜோடி செருப்பு. இவ்வளவுதான் சொத்து. வளாகத்தில் எல்லோருக்கும் அவள் காலடி அக்கா. ஊர் எல்லையைத் தாண்டாதவள், பாலைவனத்தில் நடந்திருக்கிறாள், கப்பல் தளத்தில் ஓடியிருக்கிறாள். சாயங்காலம் வீடு திரும்பினால் அவள் வீட்டுக்காரர், "இன்னைக்கு எந்த ஊருக்குப் போய்ட்டு வந்த?" என்பார். கிண்டல்தான். ஆனாலும் பதில் வராமல் மனுஷன் சாப்பிட உட்காரமாட்டார்.

வளாகம் என்பது மூடிப்போன பழைய நூல் ஆலை. கீழே அச்சகக்காரர்கள், நடுவில் பொம்மை செய்கிறவர்கள், மேலே இசைக்காரர்கள், கோடியில் இவள் அறை. ஒருவருக்குக் கத்தரிக்கோல் வேண்டுமென்றால் அடுத்த அறையில் இருக்கும். யோசனை வேண்டுமென்றால் படிக்கட்டில் கிடைத்துவிடும். இதே மாதிரி வளாகம் உள்ள ஐந்து நகரங்கள் கைகோத்து ஓர் அனிமேஷன் படம் எடுத்துக்கொண்டிருந்தன. கதை ஓர் ஊரில், ஓவியம் இன்னோர் ஊரில், இசை வேறோர் ஊரில். ஒலி இவர்களுக்கு வந்தது, அதுவும் பரீட்சையாக. நான்கு நிமிடக் காட்சிக்கு ஒலி சேர்த்து அனுப்ப வேண்டும். ஓவியம் வரைகிற பெண்மணிக்குப் பிடித்தால் முழுப்படமும் இங்கே. பிடிக்காவிட்டால் பெரிய ஒலிக்கூடம் வைத்திருக்கும் நகரத்துக்குப் போய்விடும். காலடி அக்காவின் அறை பொம்மைக்காரர்களுக்குக் கிடங்காகிவிடும். வளாக மேலாளர் இதைத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

காட்சியில் ஒரு பெண் நீண்ட தெருவில் தனியாக நடக்கிறாள். தெரு வெள்ளை, மரம் வெள்ளை, கூரையும் வெள்ளை. பனி என்று முடிவுகட்டிவிட்டாள் அக்கா. துணிப்பையில் சோளமாவை நிரப்பி மிதித்தால் பனியில் நடக்கிற நறநறப்பு அச்சு அசலாக வரும். இரண்டு நாள் மிதித்தாள். படத்துப் பெண் சில அடிகளுக்கு ஒருமுறை அரைக்கணம் நின்று நின்று போனாள். கால் புதைகிறது போலும் என்று அந்த இடத்திலெல்லாம் இன்னும் அழுத்தி மிதித்தாள். மிதிக்க மிதிக்க மூக்கு நுனி சில்லிட்டது. தெருக்கோடியில் ஏதோ வீட்டு ஜன்னலில் விளக்கு தெரிந்ததாகக்கூட அவளுக்குத் தோன்றியது.

அனுப்பிய மறுநாள் மேலாளர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.

"அக்கா, அது பனி இல்லையாம். இன்னும் வர்ணமே பூசலையாம். வெறும் பென்சில் கோடு. அது வரையறவங்க ஊர்த் தெருவாம், அங்க உச்சி வெயிலாம்."

மாவுப் பையைக் கையில் பிடித்தபடி நின்றாள். வேறு நாளாக இருந்தால் அவளே விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். அறையே கைவிட்டுப் போகிற நேரத்தில் சிரிப்பு எங்கே வரும்?

"இன்னொரு தடவை தருவாங்களா?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும்."

"அப்போ வரையறவங்களையே அந்தத் தெருவுல கொஞ்சம் நடக்கச் சொல்லுங்க. போன்ல பதிவு பண்ணி அனுப்பட்டும். நான் கேட்டுக்கறேன்."

பதிவு வந்தது. காதில் மாட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். கல் பாவிய தெரு. எங்கோ ஒரு சைக்கிள் மணி. யாரோ கடைக் கதவைத் தூக்குகிறார்கள். வெயில்கூடக் காதில் கேட்கிற மாதிரி இருந்தது. அந்தப் பெண்மணிக்குப் பக்கத்திலேயே மிதந்து போய்க்கொண்டிருந்தவள் சட்டென்று கண்ணைத் திறந்தாள். காலடி நின்றது. பிறகு நடந்தது. ஏழெட்டு அடி போய் மறுபடி நின்றது. யாரும் கூப்பிடவில்லை, வண்டி எதுவும் குறுக்கே வரவில்லை. படத்தை ஓடவிட்டுப் பார்த்தாள். அதே மாதிரி நிற்கிறாள் பென்சில்கோட்டுப் பெண்ணும்.

"ஏன் நின்னு நின்னு போறாங்கன்னு கேளுங்க."

மேலாளர் அந்த ஊர்ப் பாஷையில் போனில் கேட்டார். பதிலைக் கேட்டுவிட்டு அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"நிக்கறதே அவங்களுக்குத் தெரியலையாம். அம்மாகூட நடந்து பழக்கமாம். அம்மா பின்தங்கிடுவாங்களாம், இவங்க நின்னு கூட்டிட்டுப் போவாங்களாம். அம்மா போய் ரெண்டு வருஷம் ஆச்சாம்."

அக்கா தோல் செருப்பை மாட்டிக்கொண்டு கருங்கல் பலகைமேல் படத்துப் பெண்ணுக்காக நடந்து முடித்தாள். பிறகு அதைக் கழற்றிவிட்டுத் தேய்ந்த துணிச்செருப்பு ஒன்றை எடுத்தாள். மைக்கைவிட்டு நாலடி தள்ளிப்போய், குதிகாலை இழுத்து இழுத்து இன்னொரு தடவை நடந்தாள். முன்னால் போகிறவள் நிற்கும்போதெல்லாம் இந்தச் செருப்பு அவள் பக்கத்தில் வந்து சேர்ந்தது. மேலாளருக்குப் பதறியது.

"படத்துல இல்லாத ஆளுக்கு நீங்க பாட்டுக்கு நடந்து வெக்கறீங்க. இதனாலயே வேண்டாம்னுட்டா?"

"வேண்டாம்னா அறையைக் காலி பண்றேன். அவ யாருக்காக நிக்கறான்னு காதுல கேக்கணும்ல."

வாய் அப்படிச் சொன்னதே தவிர, வெள்ளிக்கிழமை மத்தியானம் போன் வந்தபோது முதல் ஆளாக ஓடிப்போய் மேலாளர் பக்கத்தில் நின்றாள். அவர் போனைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன சொல்றாங்க?"

"பின்னால வர்ற செருப்புச் சத்தத்தை மாத்தணுமாம்."

"எடுத்துடணுமா?"

"இல்லக்கா. படம் முழுக்க அது வேணுமாம். ஆனா இன்னும் கொஞ்சம் மெதுவா. அவங்கம்மாவால இவ்வளவு வேகமா நடக்க முடியாதாம்."