ஜம்புநாதனின் விஜயதசமி

யார் வீட்டுக்குப் போனாலும் ஜம்புநாதன் முதலில் சௌக்கியம் விசாரிப்பதில்லை. நேரே கம்ப்யூட்டரிடம் போய், ஃபிளாப்பி போடும் இடுக்கில் ஆள்காட்டி விரலை நுழைத்துப் பார்ப்பார். உள்ளே ஒன்றும் இல்லை என்று தெரிந்தால்தான் உட்காருவார்.

"ஸ்விட்ச் போடறச்சே இதுல எதுவும் இருக்கப்படாது. இருந்தா மிஷின் முதல்ல அதைத்தான் படிக்கும். வைரஸ் அங்கேதான் உட்கார்ந்திருக்கும்" என்பார்.

பெஹாலாவில் எங்கள் குடியிருப்பிலுள்ள தமிழர்கள் எல்லோரும் இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர்கள். என் புதுக் கம்ப்யூட்டரில் ஃபிளாப்பிக்கு இடமே கிடையாது. ஆனாலும் வரும்போதெல்லாம் தடவிப் பார்த்துவிட்டுத்தான் காபியைத் தொடுகிறார்.

கிடர்பூரில் ஒரு கப்பல் ஏஜென்சியில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவர். வயது அறுபத்தெட்டு. காதில் எந்நேரமும் ஒரு பென்சில். மாலையில் முரிப் பொரியில் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் விட்டுப் பிசைந்து சாப்பிடுவார். வங்காளிகள் முகத்தைச் சுளித்தாலும் கவலைப்படமாட்டார்.

எங்களில் முதன்முதலாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர் அவர்தான். 1995-க்குள் இன்னும் ஐந்து வீடுகளுக்கு வந்துவிட்டது. சரஸ்வதி பூஜைக்குப் புத்தகங்களை அடுக்கினால், விஜயதசமி காலையில் எடுத்து ஏதாவது படிக்க வேண்டும், எழுத வேண்டும். ஜம்புநாதன் அந்த வருஷம் ஒரு யோசனை சொன்னார். எல்லோருடைய ஃபிளாப்பிகளும் அவர் வீட்டுப் பூஜையில் இருக்கட்டும். மறுநாள் ஒவ்வொன்றாகத் தன் கம்ப்யூட்டரில் போட்டு, ஒரு வரி எழுதித் திருப்பித் தருவார். நாங்களும் ஜம்பமாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

யாரோ இரவல் கொடுத்த செஸ் விளையாட்டு ஃபிளாப்பி வழியாக அவருடைய கம்ப்யூட்டரில் ஏற்கெனவே வைரஸ் புகுந்திருந்தது. அன்று வந்த இருபத்தொரு ஃபிளாப்பிகளிலும் அவர் எழுதிய வரியோடு அதுவும் ஏறிக்கொண்டு எங்கள் வீடுகளுக்கும் வந்தது. எவன் எழுதி அனுப்பினானோ, பாவி, அதற்கு ஒரு தேதி குறித்திருந்தான். அதுவரை மூச்சுவிடவில்லை.

"அஞ்சு மாசம் நம்மாத்துப் பிள்ளை மாதிரி இருந்திருக்கு, ஸார்" என்பார் ஜம்புநாதன்.

மார்ச் மாதத்தில் ஒரு காலை ஆறு வீட்டுக் கம்ப்யூட்டர்களும் படுத்துவிட்டன. எனக்குப் போனது நாலு கடிதம். கீழ்த்தளத்து அனுராதாவுக்குப் போனது நாலு வருஷ ஆராய்ச்சி. கிடர்பூர் துறைமுகத்தில் மூட்டை சுமந்த கிழவர்கள் நூற்றுப்பன்னிரண்டு பேரைத் தேடிப் பிடித்துப் பேசவைத்து எழுதியது. மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்து நோட்டுகள் கூழானபோதுகூட, கம்ப்யூட்டரில் ஏற்றியாயிற்றே என்று தைரியமாக இருந்தாள்.

"நகல் இருக்கோல்லியோ? கொண்டா, நான் பாத்துத் தரேன்" என்றார் ஜம்புநாதன் அன்றைக்கே. அவள் இரண்டு ஃபிளாப்பிகள் கொண்டுவந்தாள். இரண்டும் அவருடைய பூஜைக்குப் போய்வந்தவை. ஒன்றைப் போட்டு ஸ்விட்சைத் தட்டினார். அதிலிருந்த வைரஸ் தேதியைப் பார்த்து அந்த ஃபிளாப்பியையே அழித்தது. ஒன்றும் வரவில்லையே என்று இரண்டாவதையும் போட்டார்.

அதற்குப் பிறகுதான் படித்தார். வைரஸ் எங்கே ஒளியும், எப்படித் தொற்றும், எதை முதலில் அழிக்கும், எல்லாம் இன்று அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அறிவு வந்து என்ன செய்ய?

அனுராதா ஆராய்ச்சியை விட்டுவிட்டு சால்ட் லேக்கில் டேட்டா என்ட்ரி வேலைக்குப் போகிறாள். அவரைக் கடிந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. "திட்டியிருந்தா தேவலை" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். அவளுடைய ஹார்ட் டிஸ்கைக் கேட்டு வாங்கிவைத்து, எட்டு வருஷமாக மத்தியான வேளைகளில் துண்டு துண்டாகத் திரையில் வரவழைத்துத் தேடினார். குப்பைக்கு நடுவே எங்காவது நாலு எழுத்து கிடைத்தால் பென்சிலால் எழுதிவைப்பார். "அவர் தூங்கி எவ்வளவோ நாளாச்சு" என்கிறாள் அவர் மனைவி சாவித்ரி.

போன ஞாயிற்றுக்கிழமை கடைசித் துண்டும் முடிந்தது. தேறியது பதினொரு வரி. தனியாகப் போகத் தைரியமில்லாமல் என்னையும் கூப்பிட்டுக்கொண்டார்.

அனுராதா வாசலில் நின்றபடியே படித்தாள்.

"யார் சொன்னதுன்னு ஒண்ணுலயும் பேர் இல்லையே, மாமா. இன்னும் ஏதாவது இருக்கா?"

"இல்லேம்மா. முடிஞ்சுடுத்து."

"அந்தக் கிழவாள்ளாம் போயும் சேர்ந்துட்டா. தாக், மாமா. போகட்டும், விடுங்கோ" என்றாள், வங்காளி பாதி தமிழ் பாதியாக.

காகிதத்தை மடித்து நீட்டினாள். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. சட்டென்று குனிந்து, தன் பெண் வயதுக்காரியின் கால்களை நோக்கிக் கையை நீட்டினார்.

"ஐயோ, மாமா!" என்று அவள் துள்ளிப் பின்வாங்கினாள். அவள் நின்ற இடத்தில், வெறும் தரையைத் தொட்டுக் கையைக் கண்களில் ஒற்றிக்கொண்டார்.