ஆட்டுக்காரன் மேட்டில் மூச்சுத் திணறிய வண்டி

லவோன் ப்ரெக்கிக்குத் தெரியாமல் எங்கள் பக்கத்தில் ஒரு வேலிக்கம்பம்கூட நட முடியாது. அதற்காக அவளை ஊர்வம்புக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். காதில் விழுந்ததை வெளியே விடமாட்டாள். அவளுக்குத் தெரிந்தாக வேண்டும், அவ்வளவுதான். யாராவது கிணறு தோண்டினால் எவ்வளவு ஆழத்தில் தண்ணீர் வந்தது, உப்புத் தண்ணீரா, அடுத்த பண்ணையில் உப்பில்லாதபோது இங்கே மட்டும் ஏன் உப்பு, எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகுதான் காப்பிக் கோப்பையில் கை வைப்பாள்.

மொன்டானாவின் கிழக்குக் கோடியில் இப்படிப்பட்ட ஒரு பெண் பிழைப்பது கஷ்டம். இங்கே ஒரு வீட்டு வாசலில் நின்று பார்த்தால் அடுத்த வீடு தெரியாது. புல்லும் வானமும்தான். பேச்சுத்துணைக்குப் பசுக்கள் உண்டு, ஆனால் அவை பதில் சொல்வதில்லை. அதனால்தான் அவள் மாடு ஏற்றும் வேலையை எடுத்துக்கொண்டாள். டீசல் பிக்கப் வண்டியின் பின்னால் நீளமான டிரெய்லரை மாட்டிக்கொண்டு, அவரவர் பண்ணைக்குப் போய்க் கன்றுகளையும் காளைகளையும் ஏற்றி, மைல்ஸ் சிட்டி ஏலக் கொட்டகையில் இறக்கிவிடுவாள். கூலி வாங்கினாள்தான். ஆனால் ஊரில் உள்ள அத்தனை தொழுவத்துக்குள்ளும் நேராக வண்டியை விட்டுக்கொண்டு போக இதைவிட நல்ல சாக்கு எங்கே கிடைக்கும்?

கணவன் ஆரின் அவளுக்கு நேர் எதிர். அவன் ஒரு நாளில் பேசுகிற பேச்சை ஒரு தீப்பெட்டிக்குள் அடைத்துவிடலாம். "ம்" என்பான். கொஞ்சம் உற்சாகமாக இருந்தால் "சரி" என்பான். இந்த இரண்டு பேரும் முப்பது வருஷமாக எப்படிக் குடும்பம் நடத்துகிறார்கள் என்று ஊரே ஆச்சரியப்படும்.

வம்பு அந்தக் கோடையின் கடைசியில் ஆரம்பித்தது. அந்த வருஷத்தின் முதல் சுமையாக, பக்கத்துப் பண்ணைக்கார க்ளீவ் ஹாஃப்லண்டின் கிடாரிகளை, இன்னும் ஈனாத இளம் பசுக்களை, ஏற்றிக்கொண்டு போகும்போது, ஊருக்கு முன்னால் இருக்கிற ஆட்டுக்காரன் மேட்டின் பாதியில் வண்டி மூச்சு வாங்கியது, இருமியது, நின்றேவிட்டது. அந்தச் சரிவில் கைப்பேசிக்குச் சிக்னலும் கிடையாது. பின்னால் கிடாரிகள் கத்துகின்றன, வெயில் கொளுத்துகிறது, லவோன் பிரேக்கை மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கொஞ்ச நேரம் கழித்துச் சும்மா சாவியைத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றுமே நடக்காத மாதிரி வண்டி கிளம்பி, மேட்டை ஏறி, ஊருக்குப் போய்ச் சேர்ந்தது.

அடுத்த தடவையும் அதே கதை. அதற்கடுத்த தடவையும் அதே. பிறகு ஒரு நாள் க்ளீவ் ஃபோன் செய்தான்.

"லவோன், இந்த வருஷம் கன்னுங்கள ஏத்த நீ அலைய வேணாம்மா. என் மச்சினன் சும்மாதான் இருக்கான். அவன் வண்டி வருது."

"அப்படியா, நல்லதாப் போச்சு" என்றாள் லவோன். வேறென்ன சொல்ல? எங்கள் பக்கத்தில் 'உன் வண்டியை நம்ப முடியவில்லை' என்று யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். மச்சினனைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அக்டோபரில் எல்லாப் பண்ணையிலும் கன்றுகளை விற்பார்கள். அதற்குள் வண்டியைச் சரி செய்யாவிட்டால், க்ளீவ் வழியில் மற்றவர்களும் போவார்கள். அப்புறம் அவள் வீட்டில் உட்கார்ந்து புல்லைப் பார்க்க வேண்டியதுதான்.

"வித்துடலாம்" என்றான் ஆரின், சாப்பாட்டு மேசையில்.

"எத?"

"வண்டிய."

"எதனால நிக்குதுன்னே தெரியாம எப்படிப்பா விக்கிறது?"

விற்கிறதைவிட, தெரியாமல் விற்கிறதுதான் அவளுக்குப் பெரிய குற்றமாகப் பட்டது. மறுநாள் ஊரில் பட்டறை வைத்திருக்கும் டுவேன் ஷாட்ஸிடம் போனாள். டுவேன் அவளைவிடச் சின்னவன், எப்போதும் ஒரு சூரியகாந்தி விதையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டுதான் பேசுவான். வண்டி நிற்கிற கதையைக் கேட்டதும் தலையாட்டினான்.

"டேங்க்லேந்து டீசல இழுத்து மேல இருக்குற பெரிய பம்புக்கு ஊட்டுறதுக்கு ஒரு சின்னப் பம்பு இருக்கு பாருங்க. அதுக்குத் தெம்பு போயிருச்சு. சமதரையில சமாளிக்கும். சுமையோட மேடு ஏறும்போது என்ஜின் நெறயக் கேக்கும், இதால குடுக்க முடியாது. பெரிய பம்பு பட்டினி கிடந்தே செத்துப்போகும்."

"அப்ப கொஞ்ச நேரத்துல மறுபடி எப்படிக் கிளம்புது?"

டுவேன் விதையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினான். "களைப்பு தீர்ந்திருக்கும்."

"இரும்புக்குக் களைப்பா?"

"லவோன், பம்ப மாத்துங்க. பெருசாப் போடுங்க, கூடவே ரெண்டு ஃபில்டர். ஒண்ணு தண்ணியப் பிரிக்கும், ஒண்ணு தூசிய நிறுத்தும். கண்ணு முன்னால ஒரு முள்ளு மீட்டரும் வச்சுக்குங்க. டீசல் எவ்வளவு அழுத்தத்துல வருதுன்னு காட்டும். உங்களுக்குத்தான் வேடிக்கை பாக்கணுமே."

அந்த மீட்டர்தான் அவளைக் கவிழ்த்தது. வண்டியின் வயிற்றுக்குள் நடப்பதை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு வந்து தன் கொட்டகையிலேயே வேலையை ஆரம்பித்தாள். ஆரின் டார்ச் விளக்கைப் பிடித்தான். வண்டியின் சட்டத்தில் புதுப் பம்பை முடுக்கி, பருமனான குழாய்களை இழுத்து, ஃபில்டர்களைத் திருகி, முள் மீட்டரைக் கண்ணாடி ஓரத்தில் பொருத்தினாள். ஒரு வேலையை மட்டும் விட்டுவிட்டாள். டேங்குக்குள் இறங்குகிற உறிஞ்சு குழாயையும் மாற்றச் சொல்லியிருந்தான் டுவேன். அதற்கு வண்டியின் பின்பெட்டியையே கழற்றித் தூக்க வேண்டும்.

"பழைய குழாய்க்கு என்ன கேடு? வெறும் குழாய்தானே?" என்றாள்.

"ம்" என்றான் ஆரின். பிறகு, அவனுடைய கணக்குக்குப் பெரிய பிரசங்கம் ஒன்றைச் செய்தான். "இதுதான் கடைசி. மறுபடி மேட்டுல நின்னா வித்துடணும்."

லவோன் யோசித்தாள். நியாயமாகத்தான் பட்டது. "சரிப்பா" என்று கையைத் துடைத்துக்கொண்டாள்.

காலி டிரெய்லரோடு ஆட்டுக்காரன் மேட்டுக்குப் போனாள். சமதரையில் முள் அசையாமல் நின்றது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, பாட்டுக்கூடப் பாடினாள். மேட்டில் கால்வாசிகூட ஏறவில்லை, முள் சரிய ஆரம்பித்தது. பன்னிரண்டு, எட்டு, மூன்று. வண்டி நின்றது. முன்பு சுமையோடு பாதி மேட்டில் நின்ற வண்டி, இப்போது புதுப் பம்போடு, வெறும் டிரெய்லரோடு, அடிவாரத்துக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டது. சற்று நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினாள். முள் துள்ளி எழுந்து பழைய இடத்தில் நின்றது.

தோற்றுவிட்டோம் என்கிற வருத்தத்தைவிட, பம்பு பெரிதான பிறகு எப்படி இன்னும் மோசமாகும் என்கிற கேள்விதான் வழி நெடுக அவளைக் குடைந்தது. ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தாள், புதுசாகவே இருந்தது.

ஆனால் வாக்கு வாக்குதான். சனிக்கிழமை ஒரு ஆள் வண்டியைப் பார்க்க வருவதாக ஆரின் சொன்னான். வெள்ளிக்கிழமை காலையில் லவோன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வண்டிக்குள் கிடந்த குப்பையைச் சுத்தம் செய்ய ஆரம்பித்தாள். பழைய வேக்குவம் தூசியை இழுக்கவில்லை. கொட்டகைக்கென்று ஆரின் வாங்கி வைத்திருந்த பெரிய வேக்குவத்தைக் கொண்டுவந்தாள். இருக்கைக்கு அடியில் குழாயை விட்டதும் ஒரு மிட்டாய்க் காகிதம் வந்து அதன் வாயில் 'சப்'பென்று ஒட்டிக்கொண்டது. இயந்திரம் கிறீச்சிட்டது. அணைத்தாள். காகிதம் பொத்தென்று விழுந்தது. போட்டாள். ஒட்டிக்கொண்டது. பழைய வேக்குவத்தை எடுத்து அதே காகிதத்தில் வைத்தாள். ஒட்டியும் ஒட்டாமலும் படபடவென்று ஆடியது, ஓரமாகக் காற்று போய்க்கொண்டிருந்தது.

லவோன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆரின்! ஆரின்! டிராக்டர எடுப்பா!"

ஆரின் கொட்டகை வாசலில் வந்து நின்றான். அவள் குழாயையும் காகிதத்தையும் வைத்து அணைத்தும் போட்டும் காட்டினாள்.

"டேங்குக்குள்ள என்னவோ கிடக்குது. மேட்டுல என்ஜின் அதிகமாக் கேக்கும்போது அது வந்து குழாய் வாயில ஒட்டிக்குது. வண்டி நின்னா இழுப்பு போயிடும், கீழ விழுந்துடுது. பழைய பம்பு நோஞ்சான், மெதுவா இழுத்துச்சு. புதுசு பயில்வான், கப்புன்னு இழுத்துப் பிடிச்சுக்குது. புரியுதா?"

"நாளைக்கு ஆள் வர்றான்."

"வரட்டும். அவனுக்கும் காட்டலாம்."

ஆரின் தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டான். பிறகு போய் டிராக்டரைக் கிளப்பினான். பின்பெட்டியின் போல்டுகளைக் கழற்றி, சங்கிலி கட்டி, டிராக்டரின் முன்னால் இருக்கும் தூக்குக் கையால் மெல்லத் தூக்கினார்கள். கீழே டேங்க் வெட்டவெளியில் கிடந்தது. லவோன் மேல் வளையத்தைத் தட்டித் தளர்த்தி, உறிஞ்சு குழாயை வெளியே எடுத்தாள். அதன் வாயில் ஒன்றுமில்லை. விளக்கடித்து டேங்குக்குள் எட்டிப் பார்த்தாள். அடியில், டீசலுக்குள், ஆரஞ்சு நிறத்தில் ஏதோ கிடந்தது. கம்பியை வளைத்து மாட்டி மேலே எடுத்தாள்.

மெல்லிய பிளாஸ்டிக். நீளமான இரண்டு விரல்கள்.

பசு கன்று ஈன முடியாமல் தவிக்கும்போது, தோள்வரை போட்டுக்கொண்டு உள்ளே கைவிடுகிற உறை அது. கன்று ஈனும் மாதங்களில் எங்கள் பக்கத்தில் அதை இன்னொன்றுக்கும் போட்டுக்கொள்வோம். டீசல் பிடித்த கையோடு கன்றைத் தொட்டால், அந்த நாற்றத்துக்குத் தாய் கிட்டே சேர்க்காது. அதனால் உறையை மாட்டிக்கொண்டுதான் டீசல் குழாயைத் தொடுவோம்.

"ரெண்டு விரலு" என்றாள் லவோன், கம்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. "யாரோடது?"

ஆரின் கிட்டே வந்து பார்த்தான்.

"என்னோடது."

"எப்படிப்பா?"

"மார்ச்சுல டேங்க் மூடியப் பனியில தொலைச்சுட்டேன். பனி உள்ள போகுமேன்னு, போட்டிருந்த உறையக் கழட்டி டேங்க் வாயில மாட்டினேன்."

"எத வச்சுக் கட்டுன?"

"காளைக்கன்னுக்குக் காயடிக்கிற ரப்பர் வளையம்."

லவோனுக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டாள். "அப்புறம்?"

"அடுத்த தடவ டீசல் போடும்போது பயங்கரக் குளிரு. கழட்டி மாட்ட யாரால முடியும்? அது மேலயே டீசல் குழாயக் குத்தி உள்ள விட்டுட்டேன். பனி உருகினதும் மூடி கெடைச்சுது. உறையத் தூக்கிப் போட்டுட்டேன். விரல எண்ணிப் பாக்கல."

"அடப்பாவி மனுசா, மூடி தொலைஞ்சுச்சுன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"சொன்னா, எங்க, எப்படி, எந்தப் பக்கமா உருண்டுச்சுன்னு கேப்ப."

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. டேங்கின் மேல் கையூன்றிக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். ஆரின் சிரிக்கவில்லை. காது மட்டும் சிவந்தது. புது உறிஞ்சு குழாயை அவனே எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தான். பிறகு வெளியே போய், சனிக்கிழமை வர இருந்தவனுக்கு வர வேண்டாம் என்று ஃபோன் செய்தான்.

சனிக்கிழமை காலையில் லவோன் வந்து பார்த்தபோது, டிரெய்லர் நிறைய அவர்களுடைய சொந்தக் கிடாரிகளை ஏற்றி வைத்திருந்தான் ஆரின். அடுத்த வருஷத்துக்கென்று அவன் ஆசையாகப் பொறுக்கி வைத்திருந்தவை. சோதனைக்குப் பாரம் வேண்டுமாம். அவள் கேட்காமலே பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தான். அவளுடைய வண்டியில் அவன் மேடு ஏறுவது அதுதான் முதல் தடவை.

ஆட்டுக்காரன் மேடு வந்தது. இரண்டு பேரும் சாலையைப் பார்க்கவில்லை, முள்ளைத்தான் பார்த்தார்கள். கால்வாசி தாண்டியது. பாதி தாண்டியது. என்ஜின் உறுமியது, பின்னால் கிடாரிகள் கால் மாற்றின. முள் ஒரு நூல் இறங்கி, அங்கேயே நின்றது. உச்சி வந்தது.

லவோன் ஓரமாக நிறுத்தி, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் தட்டினாள். "க்ளீவ் மச்சினன் இனிமே அவன் வேலையப் பாத்துக்கிட்டுப் போகலாம்!"

"ம்" என்றான் ஆரின். அவன் முகம் வெளுத்திருந்தது. கதவுக் கைப்பிடியை இன்னும் விடவில்லை.

அவள் அதைப் பார்த்தாள். ஊரில் எல்லோருடைய கிணற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டவளுக்கு, இந்தக் கேள்வி அன்றைக்குத்தான் வாயில் வந்தது.

"ஏம்ப்பா, வண்டிய வித்தே ஆகணும்னு ஏன் ஒத்தக்கால்ல நின்ன?"

ஆரின் கண்ணாடி வழியாகக் கீழே சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தான். "க்ளீவோட கிடாரிய ஏத்திட்டுப் போனியே, அன்னிக்கி. சாப்பாட்டு நேரம் தாண்டியும் வரல. நான் கூப்பிட்டா வண்டி ஓட்டிக்கிட்டே எடுப்பன்னு கூப்பிடல. ரெண்டு தட்ட எடுத்து வச்சேன். அப்புறம் எடுத்துக் கழுவுனேன். மறுபடி வச்சேன். மறுபடி கழுவுனேன். அதுல யாரும் சாப்பிடவே இல்ல."

அப்போது அவள் கைப்பேசி மணியடித்தது. மேடு ஏறியாச்சா என்று கேட்டு டுவேன் செய்தி அனுப்பியிருந்தான்.

"இங்க சிக்னல் இருக்கா?" என்றான் ஆரின்.

"இருக்கு. சரிவுலதான் வராது."

"எப்பவுமே இருக்குமா, உச்சியில?"

அன்றைக்கு வண்டி மறுபடி கிளம்பி இதே உச்சிக்கு வந்தபோது, கிடாரிகளை நினைத்தாள், க்ளீவை நினைத்தாள், வண்டி ஏன் நின்றது என்று நினைத்தாள். வீட்டுக்கு ஒரு ஃபோன் செய்ய நிற்காமல் போய்விட்டாள்.

"எப்பவும் இருக்கும்" என்றாள்.

ஆரின் தலையாட்டினான். லவோன் கைப்பேசியை எடுத்து ஒரு எண்ணை அழுத்தினாள். ஆரினின் சட்டைப் பையில் மணி அடித்தது. அவன் அவளைப் பார்த்தான், பையைப் பார்த்தான், பிறகு எடுத்துக் காதில் வைத்தான்.

"நான்தாம்ப்பா. மேடு ஏறிட்டேன்" என்றாள் லவோன்.

"சரி" என்றான் ஆரின். "பாத்து வா."