ஆறுதலா வாங்கோ

கலியாண மண்டபத்தில் சோறு குழைந்தால் சமையல்காரருக்கு ஏச்சு, கதிரை ஆடினால் வாடகைக்காரருக்கு ஏச்சு, பாட்டுப் பிடிக்காவிட்டால் மட்டும் மாப்பிள்ளை வீடும் பெண் வீடும் ஒற்றுமையாக வந்து என்னை ஏசும். மண்டபத்துக்கு இசைக்குழு பிடித்துக் கொடுப்பதும், குழு ஓய்வெடுக்கும் நேரத்தில் நல்ல பாட்டாகப் பார்த்துப் போடுவதும் என் வேலை. யாழ்ப்பாணத்தில் இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்தேன். எந்தக் கடையில் பழைய இசைத்தட்டு கிடைக்கும், எந்தப் பாடகர் எந்த நேரத்தில் போனை எடுப்பார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி.

என் மனைவி கண்டி ஆஸ்பத்திரியில் தாதி. கலியாணம் முடித்த நாளில் இருந்து அவள் கண்டியிலும் நான் யாழ்ப்பாணத்திலும் இருந்து, பஸ்ஸிலேயே குடும்பம் நடத்தினோம். போதும் என்று நான்தான் கண்டிக்கு வந்து ஒரு மண்டபத்தில் சேர்ந்தேன். மெனேஜர் திலக் சிங்களவர், ஆனால் பன்வில கடைத்தெருவில் பிறந்து வளர்ந்தவர், மலையகத் தமிழ் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. முதல் நாளே சொல்லிவிட்டார்: “பன்விலயிலேர்ந்து ஒரு பெரிய கல்யாண பார்ட்டி வருது. பொண்ணோட அப்பா எனக்குச் சின்ன வயசுலேர்ந்து பழக்கம். அதுக்குள்ள நல்ல குரூப் ஒன்னு புடிச்சிக் குடுங்க. இல்லன்னா நான் வேற ஆளப் பாத்துக்குவேன்.”

வேறு ஆள் வந்தால் நான் மறுபடியும் யாழ்ப்பாணம், அவள் கண்டி, நடுவில் பஸ். ஊர் மாறிப் பிழைக்கும் அன்பர்களே, இந்த பஸ் உங்களுக்கும் தெரிந்ததுதான்.

பார்

குழு தேடுகிறவன் முதலில் பாட்டுக் கடையைத் தேட வேண்டும். அங்கேதான் பாட்டுக்காரர்களின் புழக்கம் இருக்கும். மண்டபத்து வாசலில் ஓட்டோ வைத்திருப்பவர் திகனயைச் சேர்ந்த ரியாஸ் நானா; அண்ணனை நானா என்பது முஸ்லிம்களின் வழக்கம். தாடியும் தொப்பியுமாக, ஐந்து வேளையும் தவறாமல் தொழுகிற மனிதர். காலையில் ஏறி உட்கார்ந்து, “நானா, கண்டி ரவுனுக்குள்ள நல்ல றெக்கோடிங் பார் ஒண்டுக்கு விடுங்கோ” என்றேன். எங்கள் ஊரில் கசெட் பதிந்து கொடுத்த கடைகளுக்கு அந்தப் பெயர்தான். கசெட் போய்ச் சேர்ந்த பிறகும் பெயர் வாயை விட்டுப் போகவில்லை.

நானா கண்ணாடியில் என்னை ஒரு தடவை பார்த்தார். வழி முழுக்கப் பேசவில்லை, உதடு மட்டும் அசைந்தபடி இருந்தது. ஒரு சந்துக்குள் திருப்பி, இரும்புக் கம்பி போட்ட கடைக்கு முன்னால் நிறுத்தினார். கடை திறக்கும் வரை பொறுக்க முடியாமல் வாசலில் நாலைந்து பேர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். மேலே போர்டில் இருந்த போத்தல் படத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. அந்த நேரம் பார்த்து மெனேஜர் எனக்குப் போன் எடுத்தார், நானும் பதற்றத்தில் ஸ்பீக்கர் பொத்தானை அமத்திவிட்டேன். “எங்க நிக்கிறீங்க?” என்று மெனேஜர் கேட்க, பொய் சொல்லிப் பழக்கமில்லாத நானா முந்திக்கொண்டு, “பாருக்கு முன்னுக்கு ஈக்கிறோம் சேர்” என்றார்.

நான் கத்திக் கத்தி விளக்கம் சொன்னேன். மெனேஜர் “ம்” என்ற ஒரே எழுத்தோடு போனை வைத்துவிட்டார். வேலைக்கு வந்த புதிதில் அந்த ஒரு எழுத்து என்ன பாடு படுத்தும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நானாவைப் பார்த்து, கேட்டிருக்கலாமே என்று கோபித்தேன். அவர் நிதானமாகச் சொன்னார்: “பாட்டுக் கடைண்டு செல்லி இருந்தா பாட்டுக் கடைக்கே உட்டிருப்பேனே தம்பி. நீங்க பார் கேட்டீங்க, நான் உங்களுக்கு அல்லாஹ் நல்ல புத்தியக் குடுக்கோணும்டு துஆ கேட்டுக்கிட்டே வந்தன்.”

கோஷ்டி

அடுத்தது, கோயில் பக்கத்துத் தேநீர்க் கடை. திருவிழாவில் பாடுகிற குழுக்களை அங்கே விசாரிக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். பிளேன்டீயைக் குடித்துக்கொண்டே கடைக்காரரிடம் சாதாரணமாகக் கேட்டேன்: “அண்ணை, இந்தப் பக்கத்தில நல்ல கோஷ்டி எது?” இசைக்கோஷ்டியைத்தான் கேட்டேன். எங்கள் ஆட்கள் முதல் பாதியை விட்டுவிட்டுச் சொல்வது வழக்கம்.

கடைக்காரர் துடைத்துக்கொண்டிருந்த கிளாசை வைத்தார். பின்னால் இருந்த இரண்டு இளைஞர்கள் எழும்பி வந்து, ஆளுக்கொரு பக்கமாக என்னோடு ஒட்டி நின்றார்கள். “அண்ணனுக்கு எந்த ஊரு?” என்றான் ஒருவன். “யாழ்ப்பாணம்.” “அங்கேர்ந்து கோஷ்டி தேடி இவ்வளவு தூரம் வந்தீங்களா? யார அடிக்க?” திருவிழா முடிந்த கையோடு அங்கே இரண்டு கூட்டத்துக்கு இடையே கைகலப்பு நடந்து, பொலிஸ் வந்து, இன்னும் சூடு ஆறவில்லையாம். எனக்கு அது தெரியாது. “அடிக்கிறதுக்கில்லை, கலியாணத்துக்கு” என்றேன். அது இன்னும் பிழையாகப் போய்விட்டது. கலியாணத்தைக் குழப்ப ஆள் பிடிக்க வந்தவன் என்று நினைத்து மூன்றாவது ஒருவனும் எழும்பினான்.

அவசரமாக எழும்பப் பார்த்ததில் பிளேன்டீ சட்டையில் கொட்டியது. வேறு வழி தெரியாமல், கண்ணை மூடிக்கொண்டு ஒரு பாட்டை நானே பாடிக் காட்டினேன். என் குரல் குளியலறைக்கே போதாத குரல். இரண்டு வரி முடிவதற்குள் இளைஞர்கள் விலகி உட்கார்ந்துவிட்டார்கள். கடைக்காரர் துணியைத் தந்து சொன்னார்: “பாடுறவங்கன்னு மொதல்லயே கேக்கிறதில்லையா? இங்க வெறுமனே கோஷ்டின்னா பொலிஸ் ஜீப்புத்தாங்க வரும்.”

மணிக்கூடு

தேநீர்க் கடையில் நடந்ததைக் கேட்டு ரியாஸ் நானாவுக்கு என் மேல் இரக்கம் வந்து, மார்க்கெட் பக்கம் ஒரு மாடிப்படியைக் காட்டினார். “மேல தாத்தாட கடை. பழைய ரெக்கோட் எல்லாம் ஈக்கி.” நானும் மேலே போய் ஒரு கிழவரைத் தேடினேன். நாற்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒருவர் போன் உறைகளுக்கு நடுவில் இருந்து, என்ன வேண்டும் என்றார். இந்தப் பக்கத்து முஸ்லிம்கள் அக்காவைத் தாத்தா என்று கூப்பிடுவார்கள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் பெயர் பஸீனா.

முன்பக்கம் போன் உறை, சார்ஜர். பின்பக்கம் சுவர் முழுக்க இசைத்தட்டு. தமிழ், சிங்களம், ஹிந்தி என்று பிரித்து, உறை கிழியாமல் அடுக்கி, ஓரத்தில் ஒரு பிளேயரும் இருந்தது. கண்டிக்கு வந்த பிறகு முதல் தடவையாக எனக்குச் சந்தோஷம் வந்தது. இந்தக் கடைக்கு வருகிறவன் பாட்டுக்காரனாகத்தான் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, நேரம் கிடைத்தபோதெல்லாம் அங்கே போய்க் காவல் இருந்தேன். கலியாணமோ கிட்டே வந்துகொண்டிருந்தது. மெனேஜர் என்னைக் காணும்போதெல்லாம் கேள்வி கேட்காமல் புருவத்தை மட்டும் தூக்கினார்.

ஒரு நாள் வந்தார் ஒருவர். தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, விரலால் தடவிப் பார்த்தார். மொழி வித்தியாசம் பார்க்கவில்லை. கை கொள்ளுமட்டும் வாங்கினார். இவ்வளவு பரந்த ரசனையா என்று அசந்துபோனேன். படிக்கட்டில் ஓடிப்போய் மறித்து, “அண்ணை, நீங்கள் என்ன வாத்தியம் வாசிக்கிறனீங்கள்?” என்றேன். கலகெதரயில் இருந்து வந்தவராம். பையைக் கீழே வைத்துவிட்டுப் பெருமையாகச் சொன்னார்: “வாத்தியமா? நான் இதுல சுவர் மணிக்கூடு செஞ்சி விக்கிறேங்க. நடுவுல ஓட்ட இருக்கிறதால முள்ளு மாட்டுறது லேசு.”

கரண்ட்

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டதைப் பார்த்து பஸீனா தாத்தா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். பாட்டுக்காரர்கள் வாங்க மாட்டார்களாம், கேட்டுவிட்டுப் போவார்களாம். மாநகரசபையில் கிளார்க் ஒருவர் பகல் சாப்பாட்டு நேரத்தில் வந்து, பிளேயரில் ஒன்றைப் போட்டு, கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, ஒரு தட்டுக்கூட வாங்காமல் போவாராம். எத்தனையோ தடவை அவரைத் துரத்த நினைத்ததாகத் தாத்தா சொன்னார்.

அவர்தான் மோகன். நகரத்துத் தமிழர், மெல்லிய குரலில் பேசுவார், பாடினால் கதவு அதிரும். கட்டுகஸ்தோட்டையில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு மேலே அவருடைய குழு ஒத்திகை பார்த்தது. டிரம்ஸ் வாசித்தவர் சமிந்த, கிட்டார் வாசித்தவர் ஒரு முஸ்லிம் வாத்தியார். மெனேஜரைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். முதல் பாட்டு பாதியில் கரண்ட் போய்விட்டது. என் உயிரும் கூடவே போனது. மோகன் நிறுத்தவில்லை, மைக்கை வைத்துவிட்டு அப்படியே பாடி முடித்தார். சமிந்த ஒரு கதிரையைக் கவிழ்த்து வைத்துத் தட்டினார். கீழே ஆணி வாங்க வந்தவர்கள் படியில் வந்து நின்று கேட்டார்கள்.

மெனேஜர் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். வெளியே வந்து, மழை தூறத் தொடங்கிய வானத்தைப் பார்த்துச் சொன்னார்: “நல்லாத்தான் இருக்கு. ஆனா கல்யாணத்தன்னிக்கு ஒன்னு பிசகுனாலும் உங்ககிட்டத்தான் கேப்பேன்.”

ஆறுதல்

கலியாணத்தன்று காலையில் பன்வில கோயிலில் தாலி கட்டு முடிந்தது. பகல் வரவேற்பு எங்கள் மண்டபத்தில். மழை விட்டபாடில்லை. பெண்ணும் மாப்பிள்ளையும் புறப்பட்ட பிறகு வீதியில் மண் சரிந்து, வேன் அதற்குப் பின்னால் நின்றுவிட்டது, யாருக்கும் ஒன்றுமில்லை, மண்ணை அள்ளியதும் வருவோம் என்று தகவல் வந்தது. மோகனின் குழு மழையில் அடித்துப் பிடித்து ஓடிவர வேண்டாமே என்று நல்லெண்ணத்தில் அவருக்குப் போன் எடுத்தேன். “மோகன், பொம்பிளை மாப்பிளை வந்த வேன் மண்சரிவில மாட்டுப்பட்டுப் போச்சு. அவசரமில்லை, நீங்கள் ஆறுதலா வாங்கோ.” அவர் குரலைத் தாழ்த்தி, “சரிங்க சார், வந்துர்றோம்” என்றார். எவ்வளவு பணிவான மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

வந்தார்கள். எல்லோரும் வெள்ளைச் சட்டை, வெள்ளைக் காற்சட்டை. கையில் வாத்தியம் இல்லை. சமிந்தவின் கையில் ஒரு மலர்வளையம். மோகன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “எத்தன பேரு சார்?” என்றார். விருந்தாளிகளைக் கேட்கிறார் என்று நினைத்து, “முந்நூறுக்குக் குறையாது” என்றேன். அவர் தலையில் கை வைத்தார். “ஒரு வேன்லயா சார்?”

மெனேஜர் ஓடி வந்தார். போனில் என்ன சொன்னீர்கள் என்று கேட்டார், சொன்னேன். நெற்றியில் அறைந்துகொண்டார். “மெதுவா வாங்கன்னு சொல்றதுக்கு என்ன? ஆறுதலுக்கு வான்னா நம்ம பக்கம் எழவு வீட்டுக்குங்க!” யாழ்ப்பாணத்தில் ஆறுதலாகச் சாப்பிடுவோம், ஆறுதலாக நடப்போம், அவசரமில்லை என்பதற்கு அதுதான் சொல். மண்சரிவு என்ற செய்தியோடு அது கட்டுகஸ்தோட்டைக்குப் போய் எப்படி இறங்கியிருக்கும் என்று அப்போதுதான் விளங்கியது. திருப்பிக் கேட்டிருக்கலாமே என்றேன் மோகனிடம். “அந்த நேரத்துல எப்பிடி சார் கேக்குறது?” என்றார் பாவம். அவர் கண் உண்மையிலேயே கலங்கியிருந்தது. எனக்கோ மனைவிக்கு என்ன சொல்லப் போகிறேன் என்பதைத் தவிர வேறு நினைப்பில்லை.

வாசலில் வேன் ஹோர்ன் கேட்டது. மலர்வளையத்தைப் பறித்து ரியாஸ் நானாவின் ஓட்டோவுக்குள் திணித்து, வாத்தியங்களை எடுத்துவரச் சொல்லிக் கிட்டார் வாத்தியாரையும் ஏற்றிவிட்டேன். “பார், கோஷ்டி, இப்ப மையத்துப் பூவா தம்பி?” என்று கேட்டுக்கொண்டே நானா பறந்தார். வேன் கதவு திறந்தது. உள்ளே இருந்த இளவட்டங்கள் மண்சரிவுக்குப் பின்னால் நின்ற நேரமெல்லாம் டோல்கி தட்டிப் பாடிக்கொண்டிருந்தார்களாம், இன்னும் நிறுத்தவில்லை. சமிந்த நேரே போய் அந்த டோல்கியைக் கேட்டு வாங்கினார். மோகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மைக் இல்லாமல், கட்டுகஸ்தோட்டையில் பாடிய அதே பாட்டை எடுத்தார். செத்துப் போனவர்கள் என்று நினைத்தவர்கள் மாலையும் கழுத்துமாக முன்னால் இறங்கி வருவதைப் பார்த்துப் பாடினால் குரல் எப்படி இருக்கும்? மழைக்கு ஒதுங்கி நின்றவர்கள் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் நடக்கவே மறந்து நின்றார்கள்.

பெண்ணின் அப்பா குழுவை மேலும் கீழும் பார்த்தார். “எல்லாரும் ஒரே மாதிரி வெள்ளையில, வாசலுக்கே வந்து பாடுறாங்களே! யாரு யோசனைங்க இது?” மெனேஜர் என் தோளில் கை போட்டார். “நம்ம ஆளோட யோசனைங்க” என்றார். சிரித்த முகத்தோடு என்னை மேடைக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார். அங்கே சிரிப்பை எடுத்துவிட்டுச் சொன்னார்: “நாளைக்கும் வேலைக்கு வாங்க. பாட்டு நீங்க பாருங்க. ஆனா இனிமே தமிழ் ஆளுங்களுக்குப் போன் நான்தான் பேசுவேன்.”

யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த என் தமிழை ஒரு சிங்களவர் தமிழர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல, பஸ் ஏறத் தேவையில்லாமல் கண்டியில் என் குடும்பம் இப்போது ஆறுதலாக, இரண்டு ஊர் அர்த்தத்திலும், நடக்கிறது.