வரப்பில் கிடந்த கணக்கு

மரக்காணத்து உப்பள ஆபீசில் நான் கணக்கு எழுதியபோது அங்கே ஒரு மேஸ்திரி இருந்தார். முழங்கால் வரை உப்புப் பூத்திருக்கும். மவுஸைத் தொடுமுன் தலைத்துண்டில் கையைத் துடைத்துக்கொள்வார். மகளின் கல்யாணப் போட்டோக்களை அவர் ஏற்றி ஏற்றி, ஆபீஸ் கம்ப்யூட்டரில் இடமே இல்லாமல் போனது.

"வேண்டாததை அழிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பினால், அழித்ததெல்லாம் ரீசைக்கிள் பின்னில் கிடந்தது. அதைக் காலி செய்யப் போன என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாரின உப்பை உடனே லாரில ஏத்துவாங்களா சார்? வரப்புலயே கிடக்கட்டும், தண்ணி வடியட்டும்."

எரிச்சலோடு ரீசைக்கிள் பின்னைத் திறந்து பார்த்தேன். போட்டோ ஒன்றுகூட இல்லை. அத்தனையும் என் வருஷக் கணக்கு.

"பாத்தீங்களா, அப்பவே லாரில ஏத்தியிருந்தா போயிருக்கும்!" என்றார் பெருமையாக.

திட்ட வாயைத் திறந்த நான், ஏனோ நன்றி சொன்னேன்.